ஒற்று மிகும் இடம்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, மேடம். எதைப் பார்த்தாலும், எதைச் சாப்பிட்டாலும் அதைப் பற்றி நாலு வரி எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை. தயிர்ப் பச்சடியில் தண்ணீர் அதிகம் என்று இணையத்தில் எழுதினேன். அடுத்த வாரமே பச்சடி கெட்டியாகிவிட்டது. கருத்து என்பது வேலை செய்கிற பொருள் என்று அன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்துகொண்டேன்.

என் பெயர் கோகுல்நாத். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம், வளர்ந்ததெல்லாம் ஆவடி. நவீன இலக்கிய விமர்சனத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்கிறேன். ஒரு படைப்பை, அதைப் படைத்தவனின் வாழ்க்கையிலிருந்து துண்டித்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆய்வின் அடிப்படை. நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாக்கியமே போதுமானது. ஆனாலும் நீங்கள் விவரமாகக் கேட்கிறீர்கள்.

‘முதல் பிரதி’ நிகழ்ச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படம் எடுக்கத் துடிக்கும் இளைஞர்களுக்கான போட்டி. ஞாயிறுதோறும் அவர்களுடைய குறும்படங்களைத் திரையிட்டு, நடுவர்கள் பேசி முடித்ததும், ‘நேயர் பார்வை’ என்ற பகுதி வரும். பார்வையாளர்கள் எழுதி அனுப்பிய கருத்துகளில் சிலவற்றைத் தொகுப்பாளர் பெயரும் ஊரும் சொல்லி வாசிப்பார். அந்தப் பகுதிதான் வாக்குகளைத் திருப்பியது. நானும் வாரம் தவறாமல் எழுதினேன். காட்சியின் நீளம், மௌனத்தின் பயன்பாடு, சட்டகத்திற்கு வெளியே விடப்பட்டவை. ஒன்றுகூட வாசிக்கப்படவில்லை. ‘அழுதுட்டேன் தம்பி’ என்று எழுதியவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. ஆய்வாளன் என்ற முறையில் கவனித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

போட்டியாளர்களில் ஒருவனான ஜீவா என் நண்பன். கள்ளிக்குப்பத்துப் பையன். திரைக்கதைகளை என்னிடம் கொண்டுவந்து பிழை திருத்தச் சொல்வான். அவனுக்கு ஒற்று வராது. எங்கே ‘ப்’ போடுவது, எங்கே ‘த்’ போடுவது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “பேசசொல்ல யார் வாயிலயும் வராத எழுத்துக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே இவ்ளோ மரியாத?” என்று சிரிப்பான்.

அவன் தாய் முனியம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக் கேன்டீனில் பாத்திரம் கழுவினார். நான் போனால் மீன் குழம்பு இருக்கும். பக்கத்து வீட்டுப் பானுப்பிரியா மீனை அரிந்து கொடுப்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். பெரும்பாலும் ஒரே குழம்பு. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை முனியம்மா விசிறிக்கொண்டே இருப்பார்.

ஜீவா எடுத்த படத்தின் பெயர் ‘கரை’. அவன் தந்தை வேம்புலி ஒரு காலத்தில் செம்பரம்பாக்கத்தில் கழனி வேலை செய்தவர். கழனிகள் பிளாட்டும் கிடங்குமான பிறகு, அதே மண்ணில் எழுந்த ஒரு கிடங்குக்குக் காவலாளியானார். பிறகு ஏரியில் மூழ்கி இறந்தார். அந்தக் கதையை ஜீவா எடுத்தான். தாயைத் தாயாகவே நடிக்க வைத்தான். படம் முழுக்க அந்த அம்மாள் ஏரிக்கரையில் நடக்கிறார், வேறொன்றும் நடப்பதில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், அது நல்ல படம். அதுதான் சிக்கல். யாரும் படத்தைப் பார்க்கவில்லை. முனியம்மாவைப் பார்த்தார்கள். முனியம்மாவுக்காக வாக்களித்தார்கள். அனுதாபம் ஒரு கலப்படம், மேடம். அதை நீக்கினால்தான் படம் தெரியும்.

ஒரு நாள் மதியம், ஜீவா சோடா வாங்கப் போயிருந்தபோது, முனியம்மா தானாகவே சொன்னார்.

“அன்னிக்கு காலையில சண்ட, நைனா. எங்கனா போய் தொலைன்னு நான்தான் சொன்னேன். போய்ட்டாரு. பானுவாண்டயும் ஒன்னாண்டயும்தான் சொல்லிகீறேன். புள்ளைக்கு தெரியாது.”

நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

அந்த வாரம் ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தேன். புஷ்பா என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு, பேச்சு வழக்கில் சாதாரணமான ஒரு பாராட்டை எழுதி அனுப்பினேன். ஞாயிறன்றே வாசித்தார்கள். என் வாக்கியம் முதன்முறையாகத் தொகுப்பாளரின் குரலில் ஒலித்தது. வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அப்பா சிரித்தார். அது என்னுடையது என்று யாரிடமும் சொல்லவில்லை.

அரையிறுதிக்கு நான் எழுதியதை நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் சொல்கிறேன். ‘முனிமாதான் அந்தாளப் பாத்து எங்கனா போய்த் தொலைன்னு சொல்லிச்சு. அன்னிக்கே ஏரிக்குப் போயி உயுந்துட்டாரு. சாவடிச்சதும் அதுதான், இப்ப அத்த வெச்சுப் பிரைசு வாங்கப் பாக்குறதும் அதுதான். நான் பக்கத்து ஊட்லயே கீறேன், எனக்குத் தெரியாதா.’ கீழே பானுப்பிரியா, கள்ளிக்குப்பம் என்று போட்டேன்.

அந்தப் பெயர் தற்செயலாக வந்தது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். தற்செயல் இல்லை. கருத்துக்கு நம்பகத்தன்மை வேண்டும்; அதை நம்பகமான ஒருவர் சொல்ல வேண்டும்.

அரையிறுதிக்குப் போட்டியாளர்களின் தாய்மார்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தொகுப்பாளர் வாசித்தார். பின்னணி இசையை நிறுத்தியிருந்தார்கள். இது உண்மையா அம்மா என்று கேட்டார். கேமரா முனியம்மாவின் முகத்தை நெருங்கியது. அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அந்த மௌனம்தான் அந்த நிகழ்ச்சி தயாரித்த ஆகச் சிறந்த காட்சி. இதை என் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பலரும் பகிர்ந்தார்கள். கேன்டீனில் அவருடன் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள் என்று ஜீவா சொன்னான். தெருவில் அவர் போகும்போது பையன்கள், “ஆயா, எங்கனா போய் தொலை” என்று சொல்லிச் சிரித்தார்களாம். முனியம்மா குழாயடிக்குப் போவதை நிறுத்தினார். பானுப்பிரியா வாசலில் வந்து நின்று, பெற்ற பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறார். முனியம்மா கதவைத் திறக்கவில்லை.

ஜீவா போட்டியிலிருந்து விலகினான். ஒரு மாலை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். சட்டையைப் பிடிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. கைப்பேசியில் அந்தக் கருத்தை எடுத்து என் முன்னால் நீட்டினான்.

“கீறேன்னு எழுதுறவன் எவன் அண்ணாத்தே ‘ஏரிக்குப்’னு ‘ப்’பன்னா போடுவான்? பானுக்கா கையெழுத்தே எழுத்து கூட்டிதான் போடும்.”

இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தும் ஏறாத விதி அவனுக்கு ஏறிவிட்டதே என்று ஒரு கணம் மகிழ்ச்சிகூட ஏற்பட்டது.

“எங்கம்மாவாண்ட சொன்னேன், நீயா இருக்கும்னு. அது இன்னா சொல்லுச்சு தெரியுமா? கோகுலா? அது நம்ம ஊட்டு சோறு துன்ன புள்ளடான்னுச்சு. பானுக்காவ தவுர யாரும் இல்லன்னு ஒக்காந்துகினு கீது. ரெண்டு நாளா சோறு துன்னல.”

பிறகு கேட்டான். “நீதான்னுகூட சொல்ல வாணாம். வந்து, பானுக்கா இல்லன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நம்பும். அதுக்கு பேசறதுக்கு ஒரு ஆளாவது இருக்கட்டும்.”

நியாயமான கோரிக்கைதான். நானும் யோசித்தேன். ஆனால், ஒரு பிரதியை எழுதியவர் யார் என்பது பிரதிக்கு வெளியே உள்ள கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் என் ஆய்வில் நான் இதுவரை எழுதியதற்கெல்லாம் பொருள் இல்லாமல் போகும். இதைத்தான் அவனிடம் நிதானமாக விளக்கினேன். பாதியிலேயே எழுந்துகொண்டான். அம்மா காபி கொண்டுவந்தார், அது ஆறிப்போனது.

மறுநாள் முனியம்மா வேலைக்குப் போகவில்லை. பூந்தமல்லிப் பேருந்தில் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். மாலையில் அவரைச் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து எடுத்தார்கள். கரையில் இருந்த செருப்பைப் பானுப்பிரியாதான் அடையாளம் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். தன் பெயரில் எழுதியவனைக் கண்டுபிடியுங்கள் என்று உங்களிடம் வந்ததும் அவர்தான்.

ஆம். நான்தான் எழுதினேன். என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதினேன் என்று சொன்னால் அது என் கல்விக்கு இழுக்கு. ஒரு வார்த்தை ஒருவரை ஏரிக்கு அனுப்பும் என்பதை முனியம்மாவே எனக்குச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு யார்மீதும் பகை இருந்ததில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இப்போது அந்தப் படத்தைப் பாருங்கள். அனுதாபம் கோருவதற்கு அதில் யாரும் மிச்சமில்லை. ஒரு பெண் ஏரிக்கரையில் நடக்கிறாள், அவ்வளவுதான். இனிமேல்தான் அதைச் சரியாக வாசிக்க முடியும். நேற்று முன்தினம் அதைப் பற்றி விரிவாக, என் சொந்தப் பெயரிலேயே, நிகழ்ச்சிக்கு எழுதி அனுப்பினேன். நீங்கள் என் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டதால் பதில் வந்ததா என்று தெரியவில்லை.

ஏட்டு நேர்த்தியாகத் தட்டச்சு செய்திருக்கிறார். ஓரிடத்தில் மட்டும் ‘ஏரிக்கு போயி’ என்று இருக்கிறது. நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும். நான் எழுதியதிலும் அங்கே ‘ப்’ இருந்தது. அதைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம், மேடம். நீதிமன்றத்தில் இதைச் சுருக்கிச் சொல்லிவிடாமல் முழுவதும் வாசிக்கச் சொல்லுங்கள். பெயரும் ஊரும் சேர்த்து.