ஜெர்மன்காரி அம்மாவும் மாட்டுக் கொட்டாய்த் தட்டும்

எனக்கு எழுபத்தாறு வயது; நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நடவு நட்டு, களை பறித்து, ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நேற்று கள்ளக்குறிச்சியிலிருந்து ரிஷிவந்தியம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு அம்மாவும் காலேஜ் படிக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மடியில் ஒரு புத்தகம்.

“இந்த ஜெர்மன்காரி உன்ன மாதிரியே பேசறாம்மா.”

“நான் இன்னாடி பண்ணேன் அவளுக்கு?”

“கதைம்மா. பக்கத்து வூட்டுக்காரங்கள யூதருங்கன்னு போலீசு புடிச்சிக்கினு போயிட்டாங்க. அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு பொண்ணு கேக்குறா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்றா அந்த ஜெர்மன்காரி அம்மா.”

“நான் எப்படி அந்த மாதிரி சொன்னேன்?”

“நடவுக்கு வர்ற அஞ்சலை அக்கா தட்டு மட்டும் ஏன் மாட்டுக் கொட்டாய் கூரையில சொருவி இருக்குதுன்னு கேட்டேன். தெரியாது, ஆயா வெச்சதுன்ன.”

“வெச்சது உங்க ஆயாதானடி.”

“ஆயா செத்து எட்டு வருஷம் ஆவுதும்மா.”

அந்த அம்மா மகள் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து மூடினாள்.

“தெரியாதுன்னது பொய்டி. தெரிஞ்சிதான் வெச்சிருந்தேன்.”

மகள் அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள்.

“நாளைக்கு நடவுக்கு வருவா இல்லடி? அந்தத் தட்ட தூக்கிப் போட்டுட்டு, நாம சாப்புடற எடத்துலயே அவளுக்கும் எல போடு.”

“உள்ள வர கூச்சப்படுவாம்மா.”

“நான் கூப்புடறேன்.”

அந்த மாதிரித் தட்டு எனக்கென்று தனியாக நாலு வீட்டில் இருந்தது. நான் இறங்க வேண்டிய இடத்தைக் கூட நேற்று விட்டுவிட்டேன்.

பாப்பா, ‘தெரிஞ்சிதான் வெச்சிருந்தேன்’ என்று அந்த அம்மா சொன்ன இடத்தை மட்டும் இன்னொரு தரம் படி.