மலையைத் திருப்பிய ஸ்க்ரூ

ஆவடியில் மின்சார ரயில் ஏறிய காக்கிச் சட்டைக்காரர்கள் இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் வெகு சாதாரணமாகச் சொன்னார்: “ஒரு மலையவே திருப்பி வுட்டுட்டேன் மாமே.”

குடித்திருப்பாரோ என்று பார்த்தேன். இல்லை.

“இன்னாது?” என்றார் மற்றவர்.

“இமயமலைல கல்லு எடுக்கற புரொபசர் ஒருத்தரு. அவர் திசைகாட்டிக்கு எங்க பட்டறைலதான் பித்தள ஸ்டாண்டு செஞ்சோம். கல்லு பொறக்கும்போதே வடக்கு எதுன்னு உள்ளார புடிச்சி வெச்சிக்குமாம். அப்பால மலை திரும்புனா அந்த வடக்கும் கூடவே திரும்பிக்குமாம். அத்த திசைகாட்டி காட்ற வடக்கோட வெச்சிப் பாத்து, மலை எவ்ளோ திரும்பிச்சின்னு கண்டுபுடிக்கிறாரு.”

“நீ இன்னா பண்ணே?”

“பித்தள ஸ்க்ரூ தேஞ்சிடுமேன்னு இரும்புல போட்டேன். முள்ளு அத்தப் பாத்து இஸ்துக்கிச்சு. கணக்குல மலை கண்டபடி திரும்பிக்கினு கீது.”

“திட்னாரா?”

“அதான் இல்ல. பட்டறைக்கே வந்து, ஸ்க்ரூகிட்ட முள்ளு ஆடறத எனக்குக் காட்னாரு. பித்தளைல மாட்டிக் குடுத்தேன். அம்மாம் ஒசரம் மறுக்கா ஏறுனாருய்யா மனுசன்!”

அம்பத்தூர் வந்தது. இருவரும் எழுந்தார்கள்.

“அப்பறம்?”

“அப்பவும் மலை கொஞ்சம் திரும்பித்தான் கீதாம். ‘இது ஒன் வேல இல்லப்பா’ன்னு கடுதாசி போட்டாரு.”