பூஜையில் வைத்த கணினி

தூசி எனக்கு ஆகாது, ஐயா. கணினிக்கும் ஆகாது. எங்கள் கல்லூரியின் மாலை வகுப்புக்குக் கணினிகள் வந்தபோது, பாடம் முடிந்ததும் அவற்றை உறை போட்டு மூடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பகலில் வேங்கிக்காலில் ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

எழுத்துத் தேர்வுகளில் நான்தான் முதல். கணினிப் பாடம் எடுக்க சைலஜா மேடம் வந்து தேர்வைக் கணினிக்கு மாற்றினார். கேள்வி திரையில் வரும். விடையைத் தட்டியதும் சரியா தவறா என்று உடனே சொல்லிவிடும். அந்த முறையில் புகழேந்தி முதலில் வந்தான். அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிறவன். பகலெல்லாம் நிலத்தில் வேலை. ஒருமுறை வந்திருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் வந்தான்.

"எப்படிடா?" என்று கேட்டேன்.

"தப்பு பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்லுதில்ல? வாத்தியாருங்க மாதிரி பரீட்ச முடிஞ்சி மூணு மாசம் கழிச்சா சொல்லுது? தப்பு பண்ணிப் பண்ணியே கத்துக்கினேன்" என்று சிரித்தான்.

இது ஒரு பதிலா? தேர்வு நிரலை அமைக்க மேடத்துக்கு உதவியவன் அவன். ஞாயிறுகளில் பழகுவதற்காக ஆய்வகத்தின் இன்னொரு சாவியும் அவனிடம் இருந்தது. நான் கவனிக்க ஆரம்பித்தேன். அவன் கடவுச்சொல்லைத் தட்டும்போது பின்னால் நின்று விரல்களைப் பார்த்தேன். சந்தேகப்படும்படி எதுவும் கிடைக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அந்த வருடம் கல்லூரியிலேயே ஆய்வகப் பயிற்றுநர் வேலை ஒன்று வந்தது. கணினித் தேர்வில் முதலில் வருபவனுக்குத்தான் என்று முதல்வர் சம்பந்தமூர்த்தி சொல்லிவிட்டார்.

சரஸ்வதி பூஜைக்குக் கணினிகளை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தோம். பொட்டு வைத்தவன் நான். புகழேந்தி கதவோரம் நின்று பொரி தின்றபடி, "மவுஸுக்கு மறக்காம வைப்பா. புள்ளையார் வண்டி, கோச்சுக்கப் போறாரு" என்றான். அவன் அப்பா காலத்திலிருந்தே சாமி கும்பிடாத வீடு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதல்வர் சிரிக்கவில்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. புத்தகத்தைக்கூடப் பிரிக்க மாட்டோம். பூட்டிவிட்டுப் போகும்படி, அலுவலகத்தில் இருக்கும் ஆய்வகச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு, குங்குமம் கலையாமல் மேடத்தின் கணினியைப் போட்டு, புகழேந்தியின் விரல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்ட கடவுச்சொல்லால் மதிப்பெண் கோப்பைத் திறந்தேன். புகழேந்தியின் மதிப்பெண்களை நான் குறைக்கவில்லை, ஐயா. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கூட்டினேன். எல்லாத் தேர்விலும் முழு மதிப்பெண். கோப்பைக் கடைசியாகத் திருத்திய தேதியைக் கணினி தானாகவே பதிந்துகொள்ளும். அதை மாற்ற எனக்குத் தெரியும். மாற்றவில்லை.

கடைசித் தேர்வில் அவன் ஒரு கேள்வியைத் தவறவிட்டது மேடத்துக்கு நினைவிருந்தது. அதனால் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். தேதியைப் பார்த்ததும் முதல்வர் கேட்டது ஒன்றுதான்: "பூஜையில வச்சத எவன்யா தொடுவான்?"

எல்லோரும் புகழேந்தியைப் பார்த்தார்கள்.

"சார், நான்தான் ஏற்கெனவே ஃபர்ஸ்ட்டு. நான் ஏன் சார் ஏத்திக்கணும்? அப்படியே ஏத்தினாலும் தேதிய வுட்டுட்டுப் போற அளவுக்கு நான் இன்னா முட்டாளா?"

"அப்போ தேதிய மாத்தவும் தெரியும்னு சொல்ற. முன்ன வாங்குன மார்க்கெல்லாம் எப்படி வந்துச்சோ" என்றார் முதல்வர்.

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல சார்" என்று நான் சொன்னேன். அவனிடமும் ஒரு சாவி இருப்பதை மறந்துவிடப் போகிறார்களே என்று அதையும் சொன்னேன். பொட்டு வைத்தவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவனை நீக்கினார்கள். நடத்தை சரியில்லை என்று சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்கள். வேலை எனக்கு வந்தது.

தீபம் முடிந்து கூட்டமெல்லாம் ஊரைவிட்டுப் போன பிறகு, அவன் அம்மா மணியம்மாள் ஆய்வகத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தயங்கி உள்ளே வந்தார்.

"எம்புள்ள பண்ணலப்பா. ஊரே சொல்லட்டும், நான் நம்பல. இந்தப் பொட்டி எல்லாத்தையும் எழுதி வச்சிக்குமாமே? யார் தொட்டாங்கன்னு பாத்துச் சொல்லு கண்ணு. நீ சொன்னா சரி."

நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தெரியவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரே ஒருவர் நம்பாமல் இருந்தால்கூட, எடுத்த காரியம் அரைகுறையாக நிற்பதாக எனக்குத் தோன்றும். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். எனவே திரையை அவர் பக்கம் திருப்பும் முன், அவன் பெயரைத் தமிழ் எழுத்தில் தட்டிப் பெரிதாக்கினேன்.

மணியம்மாள் திரையின் கண்ணாடி மேல் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "என்கிட்ட கூடவா பொய் சொன்னான்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

அன்று வீட்டில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள், புகழேந்தி உயிரை மாய்த்துக்கொண்டான் என்று செய்தி வந்தது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சுடுகாடு வரை போனேன்.

கோப்பை மாற்றியது நான். பெயரைத் தட்டியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஐயா. அவனுடைய பழைய தேர்வுகளை எல்லாம் பிறகு நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். எல்லா விடையும் அவனே தட்டியது போலத்தான் இருக்கிறது. நாள் முழுக்க நிலத்தில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அது எப்படி முடியும்? என்னை விசாரித்து முடித்ததும், அதையும் கொஞ்சம் விசாரியுங்கள்.