அம்மாவின் சிரிப்பும் செம்பின் விலையும்

எனக்கு ஐந்து நிமிடம் தந்து, அதில் இரண்டை இப்போதே மனத்துக்குள் கழித்துக்கொண்டிருக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, முழங்கால் வலியோடு வந்தும் முகமலர்ச்சியோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் கவலைகளை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் சுவருக்குத் துணையாக நிற்கும் அண்ணன்மார்களே, கடைசி வரிசையில், கதவோரத்தில், எந்த நேரமும் எழுந்து போய்விடலாம் என்று உட்கார்ந்திருக்கும் என் அம்மாவே, உங்கள் அனைவருக்கும் நான்காம் மாடிப் பெண்ணின் வணக்கம்.

"இளையோரும் சேமிப்பும்" என்பது எனக்குத் தந்த தலைப்பு. சேமிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் சேமிக்கிற ஒருவரைத் தெரியும். அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. அதனால்தான் கையிலுள்ள தாள் இப்படி ஆடுகிறது. மின்விசிறியைக் குறை சொல்லாதீர்கள்.

என் அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். பகலெல்லாம் ஊராருக்குப் பார்வை தருவார். மாலையில் தேநீரோடு உட்கார்ந்து போனில் சந்தை விலைகளைப் பார்ப்பார். சம்பளம் வந்ததும் ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகும், கொஞ்சம் வெள்ளிக்குப் போகும், மிச்சம் எங்களுக்கு வரும். கச்சா எண்ணெய் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்க மாட்டார்.

ஏன் என்று கேட்டேன். "அது கோவக்காரப் பெரியப்பா மாதிரிடி. ஏன் கத்துறார்னு அவருக்கே தெரியாது. பக்கத்துல போனா நமக்கும் ரெண்டு விழும்."

அப்போ செம்பு? "நல்ல புள்ளதான். ஆனா எங்க வீடு கட்டுறாங்களோ அங்க ஓடிடும். வேலை நின்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும்."

ஃபண்டு? "அது கூட்டுக் குடும்பம். ஒருத்தன் படுத்தா நாலு பேர் தாங்கிப் பிடிப்பான். ஆனா எல்லாரும் சேர்ந்து காய்ச்சல்ல படுக்குற நாளும் வரும். அன்னைக்குப் பொறுமையா இருக்கணும்."

அடுத்த வருஷம் எது ஏறும் அம்மா? "தெரியலை."

அவையோரே, என் அம்மா சொன்னதிலேயே நேர்மையான சொல் அதுதான். ஆனால் நம் குடியிருப்பில் அந்த ஒரு சொல்லைத்தான் ஒருவரும் நம்பவில்லை. வெள்ளி வாங்கலாமா என்று கேட்டவரிடம் தெரியலை என்றார். மறைக்கிறார் என்றீர்கள். ஃபண்டை விற்கலாமா என்று கேட்டவரிடம் தெரியலை என்றார். அழுத்தக்காரி என்றீர்கள். வாய் பேசாவிட்டால் என்ன, முகம் பேசாதா என்று அவர் முகத்தைப் படிக்கத் தொடங்கினீர்கள்.

அம்மா முணுமுணுத்துப் பாடினால் சந்தை ஏறும். படியில் இறங்கிப் போனால் சந்தை இறங்கும் என்பது உங்கள் கணக்கு. அவர் படியில் போனது டாக்டர் நடக்கச் சொன்னதாலா என்று யாராவது கேட்டீர்களா? டாக்ஸி மாமா, தலையைக் குனியாதீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்தவர் நீங்கள்.

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. அம்மா லிஃப்டுக்குள் சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை, கண்ணில் நீர் வழிந்த சிரிப்பு. கையிடுக்கில் மடித்த செய்தித்தாள். வெளியே தெரிந்த பக்கத்தில் செம்பு விலை.

"என்னம்மா, செம்பு ஏறுமுகமா?" என்றார் டாக்ஸி மாமா.

அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். மாமா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்குள் மாடிக்கு மாடி செம்பு வாங்கினார்கள். குடமாக அல்ல, போனில். தையல் அக்கா, புதிய இயந்திரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்ததைப் போட்டார். சில வாரங்களில் செம்பு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. விலை விழுந்தது. விழுந்தது விலை மட்டுமா?

"சிரிச்சே கவுத்துட்டாங்க" என்று கீழே பேசினார்கள். அம்மா காதிலும் விழுந்தது. அவர் நேராகத் தையல் அக்கா வீட்டுக்குப் போனார். நானும் போனேன்.

"என்னால உனக்கு நஷ்டம்" என்றார் அம்மா.

"உங்களைக் கேட்டா வாங்கினேன்? உங்க மூஞ்சியைப் பாத்து வாங்கினேன். மூஞ்சி என்ன பண்ணும், பாவம்" என்றார் அக்கா. பழைய இயந்திரத்தை மிதித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சத்தம் அம்மாவோடு வீடுவரை வந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா சிரிப்பதில்லை. தாழ்வாரத்தில் வரும்போது ஷட்டர் இறக்கிய கடை மாதிரி முகம். லிஃப்டில் சுவரைப் பார்த்து நிற்கிறார். வெளியில் மூடிய முகத்தை வீட்டுக்குள் திறக்க மறந்துவிட்டார். அவர் ஃபண்டு சரிந்த மாதங்களிலும் இப்படி இருந்ததில்லை. அது திரும்ப ஏறும் என்று காத்திருக்கத் தெரிந்தவர் அவர். இதற்கு எப்படிக் காத்திருப்பது? எனக்குத் தெரியவில்லை.

அன்று அம்மா ஏன் சிரித்தார்? இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன்.

என் அப்பா பேருந்து ஓட்டுநர். இரவு வேலை முடித்து, காலையில் தூங்குவார். அன்று அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, கண்ணைத் திறக்காமலே, கம்பீரமான குரலில் சொன்னார்: "இறங்குறவங்க எல்லாம் இப்பவே இறங்கிக்கோங்க." போர்வையை ஓரமாக ஒதுக்கி வழியும் விட்டார்.

அவ்வளவுதான். அம்மா சிரித்தது செம்புக்கு அல்ல, அப்பாவுக்கு. அன்று அம்மா முகத்தைப் படித்ததற்குப் பதிலாக அப்பா சொன்னதைக் கேட்டிருந்தால் எல்லோரும் தப்பித்திருப்பீர்கள்.

சிரிக்கிறீர்கள். நன்றி. ஆனால் கடைசி வரிசையில் ஒருவர் இன்னும் சிரிக்கவில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே, சேமியுங்கள். ஃபண்டில் சேமியுங்கள், வெள்ளியில் சேமியுங்கள், வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் உங்கள் பணத்துக்கு உங்கள் யோசனையைத் துணைக்கு அனுப்புங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் முகத்தை அனுப்பாதீர்கள். ஒரு பெண் சிரிக்க ஒரு காரணம் போதாதா? அதற்கு உலகச் சந்தை சம்மதிக்க வேண்டுமா? நாளைக் காலை லிஃப்டில் என் அம்மா சிரித்தால், எது ஏறும் என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் தூக்கத்தில் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

அம்மா, இது உனக்கு. நேற்று நீ கடைக்குப் போன பிறகு அப்பா மறுபடியும் பேசினார். நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டே சொன்னார்: "கடைசி நிறுத்தம் வந்தாச்சு. தூங்குறவங்களை யாராவது எழுப்பி விடுங்கப்பா."

எல்லோரும் திரும்பி உன்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. எந்தச் சந்தையும் திறந்திருக்கவில்லை. பயப்படாமல் சிரி, அம்மா.

என் நடுக்கத்தையும் சேர்த்துக் கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. தையல் அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. தலைவர் ஐயாவின் இரண்டு நிமிடத்தையும் சேர்த்துப் பேசிவிட்டேன், அதற்கு மன்னிப்பு. எல்லோருக்கும் என் வணக்கம்.