ஆஸ்பத்திரியிலயே புடிச்ச சீழு

எங்கூட்டு மேல பழியப் போட்டு எழுதுனவன் எவனுங்க? இந்த ஆஸ்பத்திரிக்குள்ளதான இருக்கறான்? வேண்டாம், நா உக்காரலீங்க. உக்காந்தா கோவம் எறங்கிரும்.

ஏர்க்காடு, கரடியூருங்க. மொளகு, காப்பிக்கொட்ட ஏவாரம். எம்பட பையன் லோகேசு மல எறங்கையில வண்டி சறுக்கிக் கால ஒடிச்சுக்கிட்டான். இங்கதான் ஆப்பரேசன் பண்ணித் தகடு வெச்சீங்க. அப்பறம் சீழு புடிச்சு, ஊட்டுக்குப் போயித் திரும்பி வந்ததும் முட்டிக்குக் கீழ காலையே எடுத்துட்டீங்க.

சரி, எடுத்தாச்சு. அதுக்கு நா சண்டைக்கு வரல. ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்குது? ரிப்போர்ட்டப் பாத்து நோவுக்கு நம்பர் போடறவரு நீங்கதான, தமிழ்ல சொல்லுங்க சாமி, சத்தமாச் சொல்லுங்க. ஊட்டுல புண்ணச் சுத்தமா வெச்சுக்காததால சீழு புடிச்சுதாம்!

ஏனுங்க, ஊட்டுக்குப் போறதுக்கு முன்னாலயே இங்க புடிச்ச சீழு ஊட்டுல எப்பிடிங்க புடிச்சதாகும்? கெளம்பறதுக்கு மொத நாளு ஷெர்லின் சிஸ்டரு கட்டப் பிரிச்சாங்க. நாத்தம் ரூமெல்லாம் அடிச்சுது. மஞ்சளா வடியுது. அந்தப் புள்ள அதைய அப்பவே எழுதியும் வெச்சுது, நா பக்கத்துல நின்னு பாத்தனே. டாக்டரு எட்டிக்கூடப் பாக்காம, மாத்தர தின்னாச் சரியாப் போயிரும்னு அனுப்பி உட்டுட்டாரு.

ஈர மொளக எந்தலையில கட்டிப்போட்டு, உங்கூட்டு மழயிலதான் நனஞ்சுதுன்னு எவனாச்சும் சொன்னா உடுவனா? மூட்டைய அவன் வாசல்லயே கொட்டியிருப்பன்.

என்னது? டாக்டரு எழுதுனதுக்குத்தான் நீங்க கோட் நம்பர் போட முடியுமா? உங்களுக்கா எதையும் சேத்தக் கூடாதா? அதெல்லாந் தெரியுமுங்க. எங்கூருப் புள்ள கவிப்பிரியா சேலத்துல இதே வேலதான் பாக்குது. நர்ஸ் எழுதுனது ஒரு மாதிரி, டாக்டரு எழுதுனது வேற மாதிரின்னு இருந்தா, இது ஆப்பரேசனால வந்துதா இல்லியான்னு டாக்டருகிட்ட நீங்க எழுத்துல கேக்கோணுமாமே? கேட்டீங்களா? கேக்கலீங்களா? அத்தன பயமா?

பணத்துக்கா வந்தன்? உங்க மேனேஜரு போன்லயே சொல்லிட்டாரு, பாத்துப் பண்றமுங்கன்னு. நா ஏவாரிதான், பத்து ரூவாய்க்கு ஒரு மணி நேரம் வாதாடுவன். இதுல பேரமே கெடையாதுங்க.

ஜன்னல்ல பாருங்க. அந்த வேப்பமரத்தடியில உக்காந்திருக்கறது எம்பட சம்சாரம், சரஸ்வதி. உள்ள வாடின்னா வரமாட்டீங்கறா. ஊட்டுல அவனுக்குக் கட்டு மாத்துனது அவதானுங்க. கவிப்பிரியா இந்த ரிப்போர்ட்டப் படிச்சுச் சொன்னதுல இருந்து பையனத் தொடறதில்ல. சோத்தப் போட்டு வெச்சுட்டு எட்டப் போயி நின்னுக்கறா. அவன் அம்மான்னு கையப் புடிச்சா ஒதறிட்டு ஓடறா. சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு உள்ளங்கைத் தோலே உரிஞ்சு கெடக்குது.

கேளுங்க சாமி. இப்பவே அந்த டாக்டரக் கேட்டு எழுதுங்க, பதில அவரு கையாலயே வாங்குங்க. அப்பறம் அவர அந்த மரத்தடிக்குக் கூட்டிட்டு வாங்க. அவ மொகத்தப் பாத்து அவரே சொல்லட்டும், சீழு உங்க கையால வரலம்மான்னு.