மூன்று முறை தோற்ற மாப்பிள்ளை

ஒடுகத்தூரில் புளி விற்றுவிட்டுக் காலிக்கூடையோடு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"மாப்ள மூணு ஆட்டமும் தோத்தான். அதனாலதான் பொண்ணு கட்டிக்கிறேன்னு ஒத்துகிச்சு."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாக்கா சொல்ற? மாப்ள யாரு?"

"என் நாத்தனார் மவன்தான். மெட்ராஸ் காலேஜ்ல கம்ப்யூட்டர் வாத்தியாரு. அந்த மிஷின எப்டி வெளாட வைக்கிறதுன்னு சொல்லித் தர்றான்."

"வெளாடறதுக்கு ஒரு காலேஜா?"

"எங்க வூட்டுக்காரரும் அதத்தான் கேட்டாரு. அவன் ஆடுபுலி ஆட்டத்த மிஷின்ல போட்டு வெச்சிருக்கானாம். பீத்திகினான். எம் பொண்ணு கரித்துண்டால பாறையில கட்டம் போட்டு, 'உக்காரு மாமா'ன்னுச்சு. இவ ஆடு, அவன் புலி. மூணு தபாவும் புலிய நகர வுடாம அடைச்சுட்டா."

"கோவம் வர்லியா அவனுக்கு?"

"எங்க! எப்டி அடைச்சேன்னு கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதிகினான். தோத்துட்டு மொறைக்காதவன் போதும்னுட்டா."

"அப்ப கண்ணாலம் எப்போ?"

"வைகாசில. நேத்து லெட்டர் வந்துது. இவ சொன்னத அப்டியே மிஷினுக்குக் கத்துக் குடுத்துட்டானாம். இப்ப அத யாராலயும் செயிக்க முடியலியாம். ரொம்பப் பெருமையா எழுதிருக்கான்."

"பொண்ணு இன்னா சொல்லுது?"

கூடைக்காரம்மாள் குரலைத் தாழ்த்தினாள், எனக்குக் கேட்கிற அளவுக்கு.

"சிரிக்குது. ஆட்டுப் பக்கம் மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்கா. புலிப் பக்கம் கண்ணாலத்துக்கு அப்பறமாம்."