பேனா கொண்டு போகாத கொன்ஸ்ரன்ஸ் அம்மையாருக்கு

கொட்டாஞ்சேனை, கரையோரக் கைகோர்ப்பு நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் சமூக மேம்பாட்டு அலுவலராகக் கடமையாற்றி இன்று ஓய்வு பெறும் திருமதி கொன்ஸ்ரன்ஸ் பேதுரு அவர்களுக்கு, உடன் பணியாற்றிய ஊழியர்கள் உள்ளம் உவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

கடமையிற் கண்ணாகி, கனிவிற் கரும்பாகி, காரியத்திற் கருங்கல்லாகி நின்ற காரிகையே! சேற்றிலும் சகதியிலும் செருப்புத் தேயச் சென்று, சிறுகுடில் வாழ்வோரின் சிரம் நிமிரக் கண்ட சீமாட்டியே! பதவி பெரிதென்று பாராமல், பாமரர் வீட்டுப் படியிலே பலகை போட்டமர்ந்து பால் விடாத பிளேன்ரீ பருகிய பெருமகளே! நாடி வந்தோர்க்கு நல்லதையும், நழுவ நினைத்த எங்களுக்கு நாலு பேச்சையும் நாள் தவறாமல் நல்கிய நாயகியே! வணக்கம்!

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம். அம்மையாரின் முகம் சிவக்கத் தொடங்கிவிட்டது. "என்னைப் பாத்துப் புகழ்ந்து வாசிச்சீங்களெண்டா நான் எழும்பிப் போயிடுவன்" என்று போன கிழமையே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்கிறவர். ஆகவே இனி அவர் பக்கம் திரும்பாமல், சபையோரே, உங்களைப் பார்த்தே அவருடைய கதையைச் சொல்லப் போகிறோம். அவர் ஒட்டுக்கேட்டுக்கொண்டு இருக்கட்டும்.

தொடங்கும் முன் ஒரு பாவசங்கீர்த்தனம், எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம். இந்த மடலுக்கு முன்பு நாங்கள் வேறொரு கடிதம் எழுதினோம். கொன்ஸ்ரன்ஸ் அம்மையார் போய்விட்டால் தெமட்டகொடைத் தும்புமில் தோட்டம் கலைந்துவிடும், எங்கள் நிலையமும் நொண்டிப்போகும், ஆகவே அவருக்கு இன்னும் இரண்டு வருடம் சேவை நீடிப்புத் தரவேண்டும் என்று பணிப்பாளர் பொன்னம்பலம் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். எழுதியவர் எங்கள் மேனுகா. கையொப்பமிட்டவர்கள் பதினொரு பேர். அம்மையாருக்கு மூச்சுக் காட்டவில்லை. கேட்டால் "ஏலாது" என்பார், பிறகு எங்கள் கெஞ்சலுக்கு இரங்கி இருந்தும் விடுவார் என்று நினைத்தோம். அந்த விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறோம். அதற்கு முன் பேனாக் கதை.

நாம் கூடியிருக்கும் இந்த மண்டபம் நிற்பதே தும்புமில் தோட்டத்தில்தான். ரயில் பாதை ஒரு பக்கம், கால்வாய் மறுபக்கம், நடுவில் நெருக்கியடித்த எழுபத்து நான்கு வீடுகள், பெயர்தான் தோட்டம். இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு அம்மையார் இங்கே முதன்முதலாக வந்தபோது கைப்பையில் மூன்று பேனா வைத்திருந்தார். நீலம், கறுப்பு, சிவப்பு. தோட்டத்தார் ஒரு பொதுக் கழிப்பறை வேண்டுமென்றார்கள். அம்மையார் விடுவாரா? விண்ணப்பத்தை அவரே எழுதினார். படத்தை அவரே கீறினார். கந்தோர் கந்தோராக அவரே ஏறி இறங்கினார். மேசன்மாரையும் அவரே பிடித்து வந்தார். ஆறு மாதத்தில் கட்டடம் எழும்பியது. நாடா வெட்டினார்கள், மீன் அடைத்த மாளுபாண் கொடுத்தார்கள், அம்மையாரின் பெயர் பொறித்த கல்லொன்றைச் சுவரில் பதித்தார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் லூசியா கோயிலில் இறங்கி மெழுகுதிரி கொளுத்தினாராம், அவ்வளவு சந்தோஷம்.

திறந்து நாலாம் மாதம் நிலையத்துக்குச் சீனியம்மா வந்தார். இதோ முன் வரிசையில் இருக்கிறாரே, இந்தத் தோட்டத்துச் சங்கத்தின் தலைவி, அவரேதான். அப்போது அவர் தலைவியுமில்லை, சங்கமும் இல்லை. வீடுகளில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர். வந்தவர் அம்மையாரின் மேசையில் ஒரு சாவியை வைத்தார்.

"மிஸ், ஒங்க கக்கூசு அடைச்சிக்கிச்சு. பூட்டிட்டோம். சாவி இந்தாங்க."

கோபமில்லை, குறை சொல்லவுமில்லை. இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மையாருக்கு அழுகை வந்தது. இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடைப்பெடுக்க ஒரு கம்பி போதும். எழுபத்து நான்கு வீட்டில் ஒரு கம்பி இல்லையா? இருந்தது. கைகளும் இருந்தன. ஆனால் அந்தக் கட்டடத்தில் அவர்கள் எழுதிய ஓர் எழுத்து இல்லை, அவர்கள் வைத்த ஒரு கல் இல்லை. எல்லாவற்றையும் ஓடி ஓடித் தானே செய்து, அவர்களுடைய கையைக் கட்டிப்போட்டதும் தானே என்பது விளங்க அவருக்கு ஒரு முழுப் பின்னேரம் பிடித்தது. மறுநாள் உளியோடு வந்து தன் பெயர்க்கல்லைத் தானே பெயர்த்தெடுத்தார். அந்தக் கல் இன்றைக்கும் எங்கள் நிலையத்தில்தான் கிடக்கிறது, காற்றுக்குக் கதவு அடிபடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு.

அன்று தொடங்கி அம்மையார் எந்தத் தோட்டத்துக்கும் பேனா கொண்டு போனதில்லை. பேனா கையில் இருந்தால் "மிஸ், நீங்களே எழுதுங்க" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் நாலாம் மாதம் மறுபடியும் சாவி வரும். ஆகவே புறப்படும்போது மூன்று பேனாவையும் மேசை லாச்சியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போவார். பேனா இல்லாத கந்தோர்க்காரியும் ஒரு கந்தோர்க்காரியா என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். சிரித்தவர்கள் இன்று கையைத் தூக்க வேண்டாம், அம்மையாருக்கு எல்லாம் தெரியும்.

பேனா இல்லாமல் அவர் கூட்டிய முதற் கூட்டத்தில் நாற்பது நிமிடம் எல்லாரும் சும்மா குந்தியிருந்தார்கள். கூட்டக் குறிப்பு எழுத ஆளில்லை. "எழுதத் தெரிஞ்சவங்க இங்க யாரு மிஸ் இருக்காங்க?" என்றார் சீனியம்மா. "ஆறுதலா யோசியுங்கோ, எனக்கு அவசரமில்லை" என்றார் அம்மையார். கடைசியில் பழ வியாபாரி நிலாம் நானா பொறுக்க முடியாமல் எழும்பி ஓடி, மகளின் புத்தகப் பையிலிருந்து ஒரு பென்சில் கட்டையைக் கொண்டு வந்தார். அவர் எழுதிய முதற் குறிப்பு அந்தக் கொப்பியில் இன்னும் இருக்கிறது: "கூட்டம் நடந்தது. மிஸ் வந்தார். மழை." அவ்வளவுதான். எழுதியவர்களே சங்கமாகி அடைப்பையும் எடுத்தார்கள். அந்தக் கழிப்பறை அதன் பிறகு பூட்டப்படவேயில்லை.

மழை என்று நிலாம் நானா எழுதியது சும்மா இல்லை. இந்தத் தோட்டத்துக்குப் பெரிய எதிரி மழைதான். கால்வாய் நிரம்பினால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வடிந்தோடக் கான், அதாவது வடிகால், இல்லை. 2016ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு, கான் வெட்ட அனுமதி கேட்டு அதிகாரிகளோடு ஒரு கூட்டத்துக்கு நாள் கிடைத்தது. அன்றைக்குப் பேச்சுப் பிழைத்தால் அடுத்த மழைக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு ரயில் பாதையில் ஏறி நிற்கவேண்டியதுதான்.

பேச எழுந்தவர் சீனியம்மா. எதிரே எட்டு அதிகாரிகள். கோப்பை விரித்தார், வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதிகாரிகளில் பெரியவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மையார் பக்கம் திரும்பி, "மிஸ் கியன்ன" என்றார், நீங்களே சொல்லுங்கள் என்று. அம்மையாருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அத்தனை விவரமும் நாக்கு நுனியில். அவரோ இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"மிஸ், கதையுங்கோ! எல்லாம் பாழாப் போகப்போகுது!" என்று பக்கத்திலிருந்த மேனுகா காதைக் கடித்தார்.

"பொறும்."

அம்மையாருக்குப் பயமில்லையா? இருந்தது. பேசிவிட்டால் கான் வரும், ஆனால் அது தன்னுடைய கானாகத்தான் வரும். பேசாமலிருந்து கானும் வராமற் போனால், எழுபத்து நான்கு வீட்டு வெள்ளத்துக்கும் தானே காரணமாவேன் என்று அவர் அந்த நாற்காலியில் செத்துப் பிழைத்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னார். ஆனாலும் பேசவில்லை.

சீனியம்மா கோப்பைக் கீழே வைத்தார். மேசைக்கு முன்னால் போய் நின்று குனிந்து கணுக்காலைத் தொட்டார். "இது நான் கல்யாணம் கட்டி வந்த வருசம்." முழங்காலைத் தொட்டார். "இது ரெண்டாயிரத்துப் பத்து." இடுப்பைத் தொட்டார். "இது போன வருசம்." பிறகு கையைக் கழுத்தில் வைத்தார். "இன்னும் எவ்வளவு ஏறணும்னு நீங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

நிலாம் நானா சிங்களத்தில் சொன்னார். சொல்லத் தேவையே இருக்கவில்லை. பெரியவர் பேனாவை எடுத்தார். அப்போதும் சீனியம்மா விடவில்லை. "வெளி ஆளுக்குக் குடுக்காதீங்க. கான நாங்களே வெட்டுறோம். வெட்டுனவங்களுக்குத்தான் எங்க அடைக்கும்னு தெரியும்."

அப்படித்தான் நடந்தது. பொருளையும் பொறியியலாளரையும் அதிகாரிகள் அனுப்பினார்கள், வேலை சங்கத்தின் கையில். முதல் முப்பது அடி சரிவு பிழைத்து, தண்ணீர் கால்வாய்க்குப் போகாமல் தோட்டத்துப் பழனிமுத்து அண்ணரின் குசினிக்குள், அடுப்படிக்கே, போனது. அவர் ஒரு கிழமை யாரோடும் பேசவில்லை. பிறகு மண்வெட்டியோடு வந்து முதல் ஆளாக நின்று திரும்ப வெட்டினார். ஏழாம் மாதம் கான் முடிந்தது. மிஞ்சிய கல்லையும் மணலையும் வைத்துத்தான் இந்த மண்டபத்துக்கு அடித்தளம் போட்டார்கள். எந்தச் சுவரிலாவது பெயர்க்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை.

போன நவம்பரில் நாலு நாள் விடாமல் பெய்த மழையை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கொட்டாஞ்சேனையில் அம்மையார் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அது அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் பொறுக்கமாட்டாமல் ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து, அது மறுத்த இடத்தில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். வெளி வீதியில் முழங்கால், தோட்டத்துக்குள் கணுக்கால்கூட இல்லை. கானின் வாயில் சீனியம்மாவும் மூன்று பெண்களும் கம்பியால் குப்பையை இழுத்துக்கொண்டு நின்றார்கள். எந்த வீட்டார் எத்தனை மணிக்குக் கம்பி பிடிக்கவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நோயாளிகள் இந்த மண்டபத்தில். பெரிய பானையில் பருப்பு கொதித்தது.

"நீங்க எதுக்கு மிஸ் இந்த மழையில வந்தீங்க? சளி புடிச்சிக்கும். உள்ள போய் இருங்க."

அம்மையார் உள்ளே போய் இருந்தார். யாரோ ஒரு பிளேன்ரீ கொடுத்தார்கள். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "சிரிக்கிறதா அழுகிறதா எண்டு தெரியாமல் மூலையில் குந்தியிருந்தன்" என்றார் எங்களிடம். "நான் தேவையில்லாமப் போன நாளைக் கண்ணால கண்டிட்டன். இனி எனக்கு ஓய்வு தாங்கோ."

அதைக் கேட்ட பிறகும் நாங்கள் அந்த விண்ணப்பத்தை எழுதினோம் என்பதுதான் எங்கள் பாவம். தோட்டத்தாரும் கையொப்பமிட்டால் பணிப்பாளர் தட்டமாட்டார் என்று மேனுகா அதை இங்கே கொண்டு வந்தார். நிலாம் நானா உரத்து வாசித்தார். தோட்டம் கலைந்துவிடும் என்ற வரியில் சீனியம்மா கையை நீட்டிக் கடதாசியை வாங்கினார்.

"நாங்க கலஞ்சிடுவோம்னு யாரு சொன்னது? வேலய விட்டு அவங்க போகட்டும், பாவம், எங்க வீட்டு மழையில இருபத்தாறு வருசமா நனஞ்சவங்க. நாங்க விட்டுட்டோம். நீங்கதான் இன்னும் அவங்க கையப் புடிச்சித் தொங்கிக்கிட்டு இருக்கீங்க."

மேனுகா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். எங்களுக்கும் சுருக்கென்றது. உண்மைதானே! எந்தக் கடிதத்துக்கு என்ன பதில், எந்தக் கோப்பு எங்கே, யாரோடு எப்படிக் கதைப்பது, எல்லாவற்றுக்கும் "கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸைக் கேட்போம்" என்று ஓடியவர்கள் நாங்கள். பேனாப் பாடத்தை இருபத்தாறு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தும் படிக்காதவர்கள் நாங்கள்தான். அந்த விண்ணப்பம் பணிப்பாளரிடம் போகவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இந்த மடலின் முதற்படியை எழுதினோம். அம்மையாரிடம் திருத்தக் கொடுக்கவில்லை. பிழையிருந்தால் அது எங்கள் பிழை.

அம்மையாரே! இனி உங்கள் பக்கம் திரும்புகிறோம். எழும்பிப் போக நினைத்தால் முடியாது, வாசலில் பழனிமுத்து அண்ணர் நிற்கிறார்.

ஓய்வு பெறுவோரிடம் "நீங்கள் இல்லாமல் என்ன செய்வோம்" என்று கேட்பது வழக்கம். நாங்கள் கேட்கமாட்டோம். என்ன செய்வோமென்று எங்களுக்குத் தெரியும். கதிரேறிக் காலை புலரக் கந்தோர் திறப்போம். கடிதங்களுக்குக் கருத்தாய்ந்து நாமே பதில் வரைவோம். புதிய தோட்டங்களுக்குப் பேனாவைப் பூட்டிவைத்துவிட்டுப் புறப்படுவோம். பேசத் துடிக்கும் நேரத்தில் கையிரண்டையும் தொடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு பொறுத்திருப்போம். பிழைத்தால் திரும்ப வெட்டுவோம். இது உறுதி!

முழங்கால் நோவு தீர்ந்து, மூச்சு இளைக்காது, முகமலர்ச்சி மாறாது, பேதுரு ஐயாவோடும் பேரப்பிள்ளைகளோடும் பெருவாழ்வு வாழ்க! கடற்கரைக் காற்று வாங்கவும், காலைத் திருப்பலிக்கு ஆறுதலாக நடக்கவும், கண்ணயர்ந்து உறங்கவும் உங்களுக்குக் காலம் கனிக!

மழை பெய்தால் போர்த்திக்கொண்டு படுங்கள். தொலைபேசி அடிக்காது. அடிக்கவில்லையே என்று பயப்படாதீர்கள் அம்மையாரே, கானின் வாயில் ஆள் நிற்கிறது என்று அர்த்தம்.

இங்ஙனம்,
உங்கள் கையை இன்று விடும்
கரையோரக் கைகோர்ப்பு நிலைய ஊழியர்கள் பதினொருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு.